பெல்ட்டின் இழுவிசையை ஸ்பேனரின் கையில் விடாதீர்கள்: ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்வேயர் ஓடும் ஆலைகளின் மேலாளர்களுக்கும் பராமரிப்புப் பிரிவுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆலையில் உள்ள கன்வேயர்களில் ஏதாவது ஒன்றைச் சுட்டிக்காட்டி, அதன் பெல்ட் எவ்வளவு இழுவிசையில் ஓட வேண்டும் என்று உங்கள் பராமரிப்புப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். மோட்டாரின் திறனைக் கேட்டால் உடனே சொல்வார்கள். கியர்பாக்ஸுக்கு எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்பதும் தெரிந்திருக்கும். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த தேதிகள் பதிவேட்டில் இருக்கும். இழுவிசையைக் கேட்டால் மட்டும், "அதை ஃபிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வரும். ஃபிட்டரைக் கேட்டால், "வழுக்காத அளவுக்கு இறுக்கி வைத்திருக்கிறேன்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் ஓர் எண்ணைக் கொடுக்கவில்லை.

நான் பெல்ட் ஜாயின்ட் போடும், அதாவது பெல்ட்டின் இரு முனைகளையும் இணைக்கும் தொழிலில் இருப்பவன். ஜாயின்ட் பிரிந்த பிறகு அழைக்கப்படுகிறவன். பெல்ட்டுகள் முறையான இழுவிசையில் ஓடினால் என் போன்றவர்களுக்கு வேலை குறையும் என்பது தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். ஒரே கன்வேயரில், ஒரே காரணத்துக்காக, திரும்பத் திரும்ப ஜாயின்ட் போடுவதில் கூலி கிடைக்கும். வேலை செய்த நிறைவு கிடைக்காது. பல ஆலைகளில் அந்தக் காரணம் ஒன்றுதான்: பெல்ட் வழுக்கியது, யாரோ இறுக்கினார்கள், மறுபடி வழுக்கியது, இன்னும் இறுக்கினார்கள்.

இழுவிசை எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலர் படித்ததுதான். படித்தது ஷிஃப்ட் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை என்பதால் மறுபடி சொல்கிறேன். பெல்ட்டை ஓட்டும் பெரிய உருளையான டிரம், அதைப் பற்களால் பிடித்து இழுப்பதில்லை. உராய்வு ஒன்றுதான் பிடி. படகின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒரு கையால் லேசாகப் பிடித்தே பெரிய படகை நிறுத்திவைப்பார்களே, அதே கணக்குதான் இங்கேயும். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். டிரம்முக்குள் வரும் இறுக்கமான பக்கத்து விசை, டிரம்மை விட்டுப் போகும் தளர்ந்த பக்கத்து விசையைப் போல எத்தனை மடங்கு வரை இருக்கலாம் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உராய்வுக் கெழு, பெல்ட் டிரம்மைச் சுற்றியிருக்கும் கோணம். டிரம்மின் விட்டம் இந்தக் கணக்கில் வரவே வராது.

எண்களோடு பார்ப்போம். பெல்ட்டுக்கு 15 கிலோவாட் திறன் போய்ச் சேருகிறது, வேகம் நொடிக்கு 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம் பெல்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய இழுப்பு 10 கிலோநியூட்டன், ஏறத்தாழ ஒரு டன். டிரம்மின் மேல் லேகிங் எனப்படும் ரப்பர் உறை நல்ல நிலையில் இருக்கிறது, உராய்வுக் கெழு 0.35, பெல்ட் 180 பாகை சுற்றியிருக்கிறது என்றால், தளர்ந்த பக்கத்தில் அரை டன் இழுவிசை இருந்தால் போதும். இறுக்கமான பக்கத்தில் ஒன்றரை டன் வரும். டிரம்மின் தண்டும் பேரிங்குகளும் சுமப்பது இரண்டும் சேர்ந்து இரண்டு டன்.

இப்போது லேகிங் தேய்ந்து இரும்பு தெரிகிறது, மழைநீரோ கழுவிய நீரோ மேலே படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஈரமான வெறும் எஃகு டிரம்முக்கு ஜெர்மானியத் தரநிலை டின் 22101 கொடுக்கும் உராய்வுக் கெழு 0.1. சேறும் சேர்ந்தால் அதற்கும் கீழே போகும். 0.1 என்று வைத்தே கணக்குப் போட்டால், அதே ஒரு டன் இழுப்புக்குத் தளர்ந்த பக்கத்தில் 2.7 டன் வேண்டும். இறுக்கமான பக்கம் 3.7 டன். தண்டின் மேல் 6.4 டன். சுமந்து செல்லும் சரக்கு கூடவில்லை, வேகம் கூடவில்லை, மோட்டார் மாறவில்லை. ரப்பர் உறை போனதும் தண்ணீர் வந்ததும் மட்டுமே மாற்றம். தண்டின் சுமை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

அந்தக் கன்வேயரில் 650 மில்லிமீட்டர் அகலத்தில் 400/3 வகை பெல்ட் போட்டிருக்கிறார்கள் என்றால், நிலைமை இன்னும் மோசம். 400 என்பது அகலத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அந்தப் பெல்ட் அறுபடும் விசை, நியூட்டனில். 3 என்பது துணி அடுக்குகளின் எண்ணிக்கை. துணி அடுக்கு பெல்ட்டை அறுபடும் விசையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. அதாவது இந்தப் பெல்ட்டுக்கு 2.6 டன் வரை. நீங்கள் கேட்பதோ 3.7 டன். "பெல்ட் கம்பெனி ஏமாற்றிவிட்டது, ஜாயின்ட் போட்டவன் சரியில்லை" என்ற பேச்சு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆகவே ஈரத்தில் வழுக்கும் பெல்ட்டுக்கு மருந்து ஸ்பேனர் அல்ல, லேகிங். மீன்முள் வடிவில் பள்ளம் வெட்டிய ரப்பர் லேகிங் இருந்தால், சுத்தமான ஈரத்திலும் உராய்வுக் கெழு 0.35 அளவில் நிற்கும் என்று அதே தரநிலை சொல்கிறது. சேறு படும் இடங்களில் பீங்கான் பதித்த லேகிங் போடலாம். இன்னொரு வழி, டிரம்முக்கு அருகே ஸ்னப் புல்லி என்ற சிறு உருளையை வைத்து, பெல்ட்டை டிரம்மின் மேல் இன்னும் கொஞ்சம் சுற்ற வைத்துச் சுற்றுக் கோணத்தைக் கூட்டுவது. 180 பாகையை 210 ஆக்கினால், நம் எடுத்துக்காட்டில் அரை டன்னாக இருந்த தளர்ந்த பக்க இழுவிசை 0.38 டன்னுக்கு இறங்குகிறது. வெறும் 30 பாகைக்குக் கிடைக்கும் சலுகை இது.

வழுக்குவதற்கு இழுவிசைக் குறைவே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கன்வேயரின் பின்முனையில் இருக்கும் டெயில் டிரம்மில் சரக்கு கட்டிப்போய் இருக்கும். அடிப்பக்க ரோலர்கள் வரிசையாக நின்றுபோய், பெல்ட் அவற்றின் மேல் இழுபட்டுக்கொண்டிருக்கும். சரக்கு விழும் இடத்தில் பக்க ரப்பரை யாரோ பெல்ட்டின் மேல் அழுத்தி வைத்திருப்பார்கள். நிறைசுமையோடு நிறுத்திவிட்டு, நிறைசுமையோடு மறுபடி கிளப்புவார்கள். இவற்றில் எதையும் பார்க்காமல் முதலில் தேடப்படுவது ஸ்பேனர்தான். ஏனென்றால் ஸ்பேனரால் உடனே பலன் தெரிகிறது. இன்னொரு கூட்டம் டிரம்மில் மணலையோ பிசினையோ தூவும். அதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

இழுவிசையின் இரண்டாவது வேலையைப் பலர் மறந்தே போகிறார்கள். ரோலர்களுக்கு இடையே பெல்ட் அதிகமாகத் தொய்ந்துவிடாமல் அது தாங்க வேண்டும். தொய்ந்தால் ஒவ்வொரு ரோலரிலும் சரக்கு ஏறி இறங்கும், குலுங்கும், ஓரங்களில் சிந்தும். மின்சாரமும் கூடுதலாகப் போகும். தொய்வு, ரோலர் இடைவெளியில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் இருக்கட்டும் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்கிறோம். பெல்ட்டும் சரக்கும் சேர்ந்து மீட்டருக்கு 80 கிலோ, ரோலர் இடைவெளி 1.2 மீட்டர் என்றால், இந்தத் தொய்வுக்குத் தேவையான இழுவிசை 600 கிலோ. அளவெடுப்பதும் எளிது. சுமையோடு நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகு, சரக்கு விழும் இடத்துக்கு அருகே இரண்டு ரோலர்களுக்கு நடுவே ஒரு நூலைப் பிடித்தால், 24 மில்லிமீட்டருக்குள் தொய்வு இருக்க வேண்டும். பிடிப்புக்கு எவ்வளவு, தொய்வுக்கு எவ்வளவு என்று இரண்டு கணக்கையும் போட்டு, எது பெரிதோ அதை வைக்க வேண்டும். அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் வீண் சுமை.

வீண் சுமைக்கான விலை அன்றே கேட்கப்படுவதில்லை. மிகையாக இறுக்கிய பெல்ட் அன்று இரவு அழகாக ஓடும். ஷிஃப்ட் இலக்கு நிறைவேறும். இறுக்கியவருக்குப் பாராட்டுகூடக் கிடைக்கலாம். பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடியாகக் குறைகிறது என்பது பந்து பேரிங்குகளுக்கான அடிப்படைக் கணக்கு. சுமை நாலில் ஒரு பங்கு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி. சுமை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. கன்வேயர் டிரம்களில் பெரும்பாலும் இருக்கும் உருளை பேரிங்குகளுக்கு நிலைமை இன்னும் சற்றுக் கடுமை: சுமை இரட்டித்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தப் பேரிங் மாதங்கள் கழித்துப் போகும்போது, செலவு பேரிங் கணக்கில் எழுதப்படும். தண்டு வளைந்தால் டிரம் கணக்கில். ஜாயின்ட் பிரிந்தால் எங்கள் கணக்கில். இறுக்கியதின் கணக்கில் ஒருபோதும் எழுதப்படுவதில்லை. உங்கள் செலவுப் பட்டியல்களில் இந்தக் காரணம் தெரியவே தெரியாது என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

பெல்ட்டை இறுக்கிவைக்கும் அமைப்புக்கு டேக்-அப் என்று பெயர். எடை தொங்கவிட்ட டேக்-அப் இருக்கும் நீண்ட கன்வேயர்களில் இந்தச் சிக்கல் இருக்கக் கூடாது. பெல்ட் நீண்டாலும் சுருங்கினாலும் எடை தானே இறங்கி ஏறி, இழுவிசையை ஒரே அளவில் வைத்திருக்கும். திருகைத் திருப்பி இறுக்கும் ஸ்க்ரூ டேக்-அப்பில் அந்த வசதி இல்லாததால்தான் தொடக்கத்திலேயே கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கிறது. 180 பாகை, லேகிங் உள்ள டிரம் என்றால், தளர்ந்த பக்க இழுவிசையைக் காண டிரம் கொடுக்கும் இழுப்பை, எடை போன்ற தானியங்கி டேக்-அப்புக்கு 0.5 ஆலும் ஸ்க்ரூவுக்கு 0.8 ஆலும் பெருக்கச் சொல்கிறது அமெரிக்கக் கன்வேயர் உற்பத்தியாளர் சங்கம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நாம் எப்படிக் கெடுக்கிறோம் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். எடைப் பெட்டியின் மேல் பழைய ரோலர், வெட்டிப்போட்ட ஆங்கிள், உடைந்த கியர் என்று கிடைத்த இரும்பெல்லாம் ஏற்றப்பட்டிருக்கும். யார், எப்போது, எதற்காக ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எடை தொங்கும் உருளையின் இரு பக்கத்துப் பெல்ட்டும் எடையைப் பங்கிட்டுக்கொள்வதால், 100 கிலோ ஏற்றினால் பெல்ட்டின் இழுவிசையில் கூடுவது 50 கிலோதான். அதனால் நினைத்த பலன் வராமல், மேலும் ஏற்றுவார்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. எடை ஓடும் வழித்தடத்தில் சரக்கு சிந்தி இறுகி, பெட்டி பாதியிலேயே சிக்கி நிற்கும். அல்லது பெல்ட் நீண்டு நீண்டு, பெட்டி குழியின் தரையில் உட்கார்ந்துவிடும். பார்ப்பவருக்கு எடை இருக்கிறது. பெல்ட்டைப் பொறுத்தவரை இல்லை. துணி அடுக்கு பெல்ட்டுகள் ஆயுள் காலத்தில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை நீளும் என்று எதிர்பார்த்துத்தான் டேக்-அப்பின் ஓட்டத்தை வைக்கிறார்கள். எஃகுக் கம்பி பெல்ட் அதில் ஒரு சிறு பங்குதான் நீளும். ஓட்டம் தீர்ந்துவிட்டால் பெல்ட்டை வெட்டிச் சுருக்கி மறுபடி ஜாயின்ட் போட வேண்டும். அதற்கு ஒரு நாள் நிறுத்தம் தேவை. அந்த ஒரு நாளைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது ஆலைகளின் வழக்கம். புது பெல்ட் போட்ட முதல் சில நாட்களில் நீட்சி வேகமாக இருக்கும். அப்போது ஒருமுறை, ஒரு வாரம் போல ஓடிய பிறகு ஒருமுறை என்று பார்த்துச் சரிசெய்தால், பிறகு நெடுங்காலம் தொந்தரவு இருக்காது.

பொட்டலங்களும் பெட்டிகளும் ஓடும் மெல்லிய பிவிசி, பாலியூரித்தேன் பெல்ட்டுகளுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. தளர்ந்த நிலையில் பெல்ட்டின் ஓரத்தில் 1,000 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட வேண்டும். இறுக்கிய பின் அந்த இடைவெளி 1,003 ஆனால், நீட்சி 0.3 விழுக்காடு. உங்கள் பெல்ட்டுக்கு எத்தனை விழுக்காடு என்பது தயாரிப்பாளரின் தாளிலேயே இருக்கும். ஒரு பேனாவும் அளவு நாடாவும் போதும். இதைக்கூடச் செய்யாமல் பெல்ட்டை விரலால் தூக்கிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லும் வழக்கத்தை நான் இன்னும் பார்க்கிறேன். பிளாஸ்டிக் கண்ணிகளால் ஆன பெல்ட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பற்சக்கரத்தால் ஓடுகிறது, உராய்வால் அல்ல. திரும்பும் பக்கத்தில் அது தொங்கத்தான் வேண்டும். தொங்குகிறதே என்று இறுக்கினால் கண்ணிகளின் ஊசிகளும் பற்களும் தேயும்.

ஸ்க்ரூ டேக்-அப்பில் இன்னொரு துர்ப்பழக்கம் இருக்கிறது. பெல்ட் ஒரு பக்கம் ஓடினால், டேக்-அப் திருகைத் திருப்பி நேராக்குவது. பெல்ட் தளர்ந்த பக்கம் நோக்கிப் போகும் என்பதால் இது உடனே வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் இரு பக்கத்து இறுக்கமும் வேறுபட்டு, பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் சுமையைத் தாங்கும். ஜாயின்ட் அந்த ஓரத்திலிருந்துதான் பிரியத் தொடங்கும். பிரிந்த ஜாயின்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே எந்தப் பக்கத் திருகை அதிகம் திருப்பினார்கள் என்று சொல்லிவிடலாம். ஓட்டத்தை ரோலர்களிலும் சட்டகத்திலும் சரிசெய்ய வேண்டும். டேக்-அப் திருகுகள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும்; அளவு நாடாவால் அளந்து, அந்த அளவைச் சட்டகத்தில் குறித்துவைக்க வேண்டும்.

இனி உயிர் பற்றி. வழுக்கும் டிரம்மில் மோட்டாரின் திறன் வெப்பமாக மாறுகிறது. நின்றுபோன பெல்ட்டின் கீழே டிரம் சுழன்றுகொண்டே இருந்தால், ரப்பர் புகையத் தொடங்க அதிக நேரம் ஆகாது. 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் 80 பேர் இறந்தார்கள். கிழிந்த பெல்ட் சரக்கு மாறும் இடத்தில் அடைத்துக்கொண்டு, உராய்வில் சூடேறித் தீப்பற்றியது. 2006 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அல்மா எண் 1 சுரங்கத்தில், டேக்-அப் இருக்கும் பகுதியில் விலகி ஓடிய பெல்ட் உராய்ந்து தீ எழுந்தது. இரண்டு பேர் வெளியே வரவில்லை. இந்த இரண்டும் இழுவிசைக் கோளாறால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. உராய்ந்து சூடாகும் பெல்ட் என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன். டிரம் சுழன்று பெல்ட் நின்றால் மோட்டாரை நிறுத்தும் வேக உணர்வி உங்கள் கன்வேயரில் இருக்கும். அது வேலை செய்கிறதா, அல்லது அடிக்கடி நிறுத்துகிறது என்று யாராவது வயரைக் குறுக்கே இணைத்துவைத்திருக்கிறார்களா என்பதைத் தயவுசெய்து இந்த வாரமே பாருங்கள்.

ஓடும் பெல்ட்டை இறுக்குவது அடுத்த ஆபத்து. பெல்ட் டிரம்முக்குள் நுழையும் இடம் கையையும் ஸ்பேனரையும் சட்டையையும் ஒன்றுபோலவே உள்ளே இழுக்கும். அனுபவம் அங்கே யாரையும் காப்பாற்றாது. "கொஞ்சம் இறுக்கினால் போதும், நிறுத்தாதே" என்று ஒலிபெருக்கியிலோ போனிலோ யார் சொல்கிறார்கள் என்பதை நீங்கள் கேட்டுப் பாருங்கள். பெல்ட்டை நிறுத்தினாலும் ஆபத்து முழுவதும் போய்விடுவதில்லை. தொங்கும் எடையில் ஆற்றல் தேங்கியிருக்கிறது. சரிவான கன்வேயரில் சரக்கின் எடை பெல்ட்டைப் பின்னோக்கி இழுக்கிறது. எடையைத் தாங்கிக் கட்டாமல், பெல்ட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் ஜாயின்டை வெட்டச் சொன்னால், நானும் என் ஆட்களும் வெட்ட மாட்டோம். எங்களைத் தாமதப்படுத்துகிறார்கள் என்று உங்களிடம் புகார் வந்தால், இதுதான் விஷயம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பவை பணம் அதிகம் தேவைப்படாதவை. ஒவ்வொரு கன்வேயரின் டேக்-அப் அருகிலும் ஒரு தகடு வையுங்கள். ஸ்க்ரூ டேக்-அப் என்றால் தேவையான நீட்சியும் திருகின் நிலையும். எடை என்றால் பெட்டியின் மொத்தக் கிலோவும், எடை இருக்க வேண்டிய உயரத்தின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் அதில் இருக்கட்டும். கணக்கைக் கன்வேயரை வடிவமைத்தவரிடமோ பெல்ட் தந்தவரிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தரக் கடமைப்பட்டவர்கள். அந்த எண்ணை மாற்ற வேண்டுமானால் பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும் என்று விதியுங்கள். மாற்றிய தேதியும் காரணமும் பதிவேட்டில் ஏறட்டும். பெல்ட் வழுக்குகிறது என்று தகவல் வந்தால், லேகிங், டெயில் டிரம், ரோலர்கள், டேக்-அப் ஓட்டம் ஆகியவற்றைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்திட்ட பிறகே இறுக்க அனுமதியுங்கள். நிறுத்திப் பூட்டாமல் இறுக்க மறுக்கும் ஃபிட்டரை யாரும் தண்டிக்கக் கூடாது என்பதையும் எழுத்திலேயே கொடுங்கள். வாய்ச்சொல் இரவு ஷிஃப்ட் வரை தங்குவதில்லை.

அடுத்த முறை என்னை அழைக்கும்போது, பிரிந்த ஜாயின்டைக் காட்டுவதற்கு முன் அந்தத் தகட்டைக் காட்டுங்கள். அதில் இருக்கும் எண்ணும் திருகு நிற்கும் இடமும் ஒன்றாக இருந்தால், தவறு என் வேலையில் இருக்கலாம். கூலி வாங்காமல் மறுபடி போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
பெல்ட் ஜாயின்ட் போடும் தொழிலாளி ஒருவன்